துருக்கியில் ஒருநாள் படகுப் பயணம்: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி:
இலண்டனில் இருக்கும் தம்பி ஆகஸ்டில் அந்தலியாவில் வீடு எடுக்கிறான். நாங்கள் கோப்பாயிலிருந்து போகிறோம். அம்மாவுக்கு 68 வயது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் சத்தி எடுத்தவர். கெக்கோவாத் தீவைப் பார்க்கப் போகும் ஒருநாள் படகு அவருக்குச் சரிவருமா?

பதில்:
அக்கா, கடலுக்குப் பயப்பட வேண்டாம். கெக்கோவாத் தீவு அலையை மறித்து நிற்பதால், உள்ளே அநேகமாகக் குளம்போலத்தான் இருக்கும். கரைச்சல் பஸ்தான். அந்தலியாவிலிருந்து, படகு ஏறும் தெம்ரே ஊர் வரை இரண்டரை மணித்தியாலம், கரையோர மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. முன் சீற்றும் ஒரு தேசிக்காயும் கட்டாயம்.
தீவின் கரையில் பார்க்க இருப்பது, நிலநடுக்கத்தில் கடலுக்குள் தாழ்ந்துபோன பழைய ஊர். கல்லில் வெட்டிய படிகள் நேரே தண்ணீருக்குள் இறங்கிப் போகும். அம்மா இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். இடிபாடுகளுக்கு மேல் நீந்த விடமாட்டார்கள், வேறு குடாவில் நிறுத்துவார்கள்.

இன்னொரு பதில்:
நாங்கள் போன படகில் மத்தியானச் சாப்பாடு சேர்த்தி, குடிக்கிறது தனிக்காசு. அதை இறங்கும்போதுதான் சொன்னார்கள்! முதலே கேளுங்கள். மீன் சுட்டுத் தந்தார்கள், உப்பும் புளியும் மட்டும். அப்பா சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் சரையை எடுத்தார். படகுக்காரரும் கொஞ்சம் வாங்கிப் போட்டுப் பார்த்தார், பாவம்.

கேட்டவர்:
சரி, தூளும் தேசிக்காயும் பெட்டிக்குள் போகுது. முன் சீற்றுக்குத் தம்பியிடம் இப்பவே சொல்கிறேன்.