டர்பன் பக்கம் பழைய ரயில் பெட்டிகள் எங்கே பார்க்கலாம்?

பெரம்பூர் மருமகன்:
வணக்கம். அடுத்த மாதம் சென்னையிலிருந்து மாமனார் டர்பன் வருகிறார். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வெல்டிங் பிரிவில் இருந்தவர். "கடற்கரை நம்ம ஊரிலேயே இருக்கு மாப்பிள்ளை, பழைய ரயில் பெட்டி இருந்தா காட்டுங்க" என்கிறார். வயது எழுபத்துநாலு, முழங்கால் வலி உண்டு. எங்கே கூட்டிப் போகலாம்?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, இஞ்சாங்காவுக்குப் போங்கள். உம்கேனி ஸ்டீம் ரயில்வே தன்னார்வலர்கள் குளூஃபிலிருந்து அங்கே பழைய பெட்டிகளை நீராவி இஞ்சினில் கோத்து ஓட்டுகிறார்கள். அவர்களுடைய மொரீன் இஞ்சின் 1912இல் செய்தது. தினமும் ஓடாது, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். படி உயரம், மாமாவுக்குக் கை கொடுங்கள்.

கூபே, அதாவது சின்னத் தனி அறை, உள்ள பெட்டியாக இருந்தால் ஜன்னலடியில் சின்ன மேசை இருக்கும். பலகையைத் தூக்கினால் உள்ளே கைகழுவும் தொட்டி! சின்ன வயதில் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் ஸ்பிரிங்பாக் மான் தலை பொறித்திருக்கும். இந்தியர்களான எங்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் மட்டுமே ஏற முடிந்த காலம் அது. மானைக் காட்டும்போது அதையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பாயிண்ட், டர்பன் துறைமுகப் பகுதி. 1860 ஜூன் 26 அன்று தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் அதற்கும் டர்பன் ஊருக்கும் இடையில்தான் ஓடியது, இரண்டே மைல். அதே வருடம் நவம்பர் 16 சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் வந்து இறங்கியதும் அதே துறைமுகம். பிறகு ரயில்வேக்கும் ஒப்பந்தக் கூலிகளை எடுத்தார்கள். என் தாத்தாவுக்குத் தண்டவாளத்தடியில் ஜல்லி இடிக்கும் வேலை. அவர் கடப்பாரை அண்ணன் வீட்டில் இருக்கிறது, பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து. பெட்டிகளை மெருகேற்றி வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். அவை ஓட வழி போட்டவர்கள் கதையையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிரிட்டோரியா ராஜா:
இங்கே க்ரூகர் வீட்டு அருங்காட்சியகத்தில், அந்தக் காலத்து டிரான்ஸ்வால் குடியரசின் அதிபர் க்ரூகரின் தனிப் பெட்டியே நிற்கிறது. ஜார்ஜ் நகரத்து அவுட்டெனிக்குவா அருங்காட்சியகம் இன்னும் பெரிது, ஆனால் டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்த முழங்காலோடு வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம்தான், சுமார் 80 கிலோமீட்டர். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிட்ட நிலையம். அந்தப் பிளாட்பாரத்தில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

பெரம்பூர் மருமகன்:
போய் வந்தோம் அக்கா. தொட்டி இருந்தது! இரும்புப் பெட்டியோடே வாழ்ந்தவர், மரச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். தண்டவாளத்தைப் பார்த்ததும், "இது மீட்டர் கேஜ் இல்லையே, மூன்றரை அடி வரும்" என்றார். 1067 மில்லிமீட்டர், சரியாகச் சொன்னார். பாயிண்ட்டில்தான் ரொம்ப நேரம் நின்றார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் வீட்டுக்கு வரலாமா? அந்தக் கடப்பாரையைப் பார்க்க வேண்டுமாம்.