விண்டோஸ் 10 ஓடும் மெஷினில் விண்டோஸ் 7ஐயும் போட முடியுமா?

கேள்வி (ரங்கூன்): கடை டெஸ்க்டாப், 500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 10. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 32 பிட் விண்டோஸ் 7 டிரைவர் மட்டுமே இருக்கிறது. பழைய பில்களும் ஸோஜி (பழைய பர்மிய எழுத்துரு) எழுத்தில். 10ஐ அழிக்காமல் 7ஐப் போட வழி உண்டா?

பெகுக்காரன்: உண்டு அண்ணே. ஸோஜிக்காக 7 வேண்டாம், அந்த எழுத்துருவை 10இலேயே போட்டுக்கொள்ளலாம். ஸோஜியும் பொதுத் தரமான யூனிகோடும் ஒரே குறியெண்களைப் பங்கு போடுவதால்தான் எழுத்து உடைகிறது. விண்டோஸ் மேல் குற்றமில்லை. பிரிண்டர்தான் சரியான காரணம்.

முதலில் டிஸ்க் மேனேஜ்மெண்டில் டிஸ்க் 0இன் ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் பக்கம் பாருங்கள். டிஸ்க்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை அங்கே இருக்கும்: ஜிபிடி (புதியது) அல்லது எம்பிஆர் (பழையது). ஜிபிடி என்றிருந்தால் 32 பிட் 7 அதிலிருந்து பூட் ஆகாது. எம்பிஆர் என்றால் சி டிரைவை ஷ்ரிங்க் செய்து (சுருக்கி) 60 ஜிபியை 7க்கென ஒதுக்குங்கள். அதற்கு முன் பேக்கப். ஷ்ரிங்க் ஓடும்போது கரண்டு போனால் மொத்தமும் போகலாம். யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். இரண்டு பார்ட்டிஷனுக்கும் (டிஸ்க்கின் பகுதிகளுக்கும்) 'பத்து', 'ஏழு' என்று பெயர் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பழையதை முதலில், புதியதைப் பிறகு போடுவதே வழக்கம். இங்கே தலைகீழ் என்பதால் 7 தன் பழைய பூட் மேனேஜரை (எந்த விண்டோஸைத் துவக்குவது என்று பார்க்கும் நிரலை) 10இனுடையதன் மேலே எழுதிவிடும். 10ஐத் தேர்ந்தால் டிஜிட்டல் கையொப்பப் பிழை வரும். பதறவேண்டாம். விண்டோஸ் 10 பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, பூட் கோப்புகளைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் (bcdboot) கட்டளையை 10இன் விண்டோஸ் ஃபோல்டருக்குக் கொடுங்கள். அங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கும். டிஸ்க்பார்ட் (diskpart) கட்டளையில் வால்யூம் பட்டியலில் 'பத்து' எது என்று பார்த்தே தட்டுங்கள்.

மோல்மேன் வாசி: விட்டுப்போனது ஒன்று: 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் 10 பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் 7 அதே டிரைவில் எழுதினால் ஃபைல் சிதையும்.

7இன் இன்ஸ்டாலருக்கு யூஎஸ்பி 3.0 தெரியாது. கீபோர்டு, மவுஸ் செத்ததுபோல் கிடக்கும், 2.0 போர்ட்டில் செருகுங்கள். 2020 ஜனவரி 14க்குப் பின் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, நெட்டில் இணைக்காதீர்கள்.

கேட்டவர்: எம்பிஆர்தான். ஆனால் ஏற்கெனவே 4 பார்ட்டிஷன் இருக்கிறது, நாலும் பிரைமரி. புதிதாக ஒன்று போடப் போனால் டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்கிறது.

பெகுக்காரன்: மாற்றவே மாற்றாதீர்கள்! எம்பிஆரில் பிரைமரி பார்ட்டிஷன் 4தான். டைனமிக்காக மாற்றிச் செய்த இடத்தில் 7 ஏறாது. கடைக் கோப்புகள் தனி டிரைவில் இருந்தால் அவற்றை வெளி டிஸ்க்குக்கு நகர்த்தி, அந்த டிரைவிலேயே 7ஐப் போடுங்கள். ஷ்ரிங்க் வேலையும் மிச்சம்.

மோல்மேன் வாசி: இன்னும் சுலபம், பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று. 10 இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கில் 7ஐ ஏற்றுங்கள், பிறகு கேபிளை மாட்டுங்கள். எதில் பூட் ஆகவேண்டும் என்பதை பயாஸ் பூட் மெனுவில் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றின் பூட் மேனேஜரை இன்னொன்று தொடாது.