கொலாப் ஷூட்ல எடுத்த என் படம் நகைக்கடை போஸ்டர்ல. என்ன பண்ணலாம்?

நிலா_அடையாறு:
டிசம்பர்ல புரோக்கன் பிரிட்ஜ்ல ஒரு போட்டோகிராபரோட கொலாப் ஷூட், அதாவது ரெண்டு பேரும் காசு வாங்காம சேர்ந்து பண்றது. விடியக்காலை 5.30-க்கே போய் நின்னேன். மேக்கப், ஆட்டோ, வாடகைப் புடவை எல்லாம் என் கைக்காசு, 2,400 ரூபாய். "காசு வேண்டாம், போர்ட்ஃபோலியோவுக்கு 20 படம் எடிட் பண்ணித் தர்றேன்"னார். வந்தது நாலு, அதுவும் வாட்ஸ்அப்ல, வாட்டர்மார்க்கோட. போன வாரம் ஒரு நகைக்கடை வாசல்ல என் முகம். கேட்டா "காப்புரிமை என்னோடது"ங்கிறார். எனக்கு ஒண்ணுமே இல்லையா?

கடலூர்க்காரி:
அவரோட வாட்ஸ்அப் சாட் எதையும் அழிச்சிடாதீங்க அக்கா. "20 படம்"னு அவர் எழுதினது முக்கியம். போஸ்டரையும் கடைப் பேர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க.

35எம்எம்_அண்ணன்:
பதினாலு வருஷமா கேமரா பிடிக்கிறேன்மா. அவர் சொல்றது பாதிதான் சரி. 1957 காப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பம் மாதிரி காசு கொடுத்து எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, உரிமை எடுக்கச் சொன்னவங்களுக்கு. கொலாப்ல காசு கைமாறாததால அவர் அதைப் பிடிச்சுக்கிறார்.

ஆனா படம் அவரோடதுன்னா முகமும் அவரோடது ஆயிடாது. நக்கீரன் கோபால் வழக்குல, ஆட்டோ சங்கர் சுயசரிதை விவகாரம், 1994-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு: ஒருத்தர் உருவத்தை அவர் சம்மதமில்லாம விளம்பரத்துக்குப் போட்டா அந்தரங்க உரிமை மீறல். மாடல் ரிலீஸ்ல, அதாவது படத்தைப் பயன்படுத்திக்கலாம்னு மாடல் சம்மதிக்கிற தாள்ல, கையெழுத்துப் போட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

கொலாப் ஷூட்டுக்கு இன்னொரு பேர் டி.எஃப்.பி; அப்படின்னாலே "டைம் ஃபார் பிரிண்ட்". ஃபிலிம் காலத்துல மாடலோட நேரத்துக்குக் கூலியே அந்தப் பிரிண்ட்தான். அதைக் கொடுக்காதவன் கூலியைப் பிடிச்சு வச்சவன்தான். நானும் 2016-ல ஹார்டு டிஸ்க் போய், போரூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்த பொண்ணுக்கு ஒரு படம்கூடக் கொடுக்கல. இன்னிக்கும் உறுத்துது. அதுக்கப்புறம் ஷூட்டுக்கு முன்னாடியே ஒரு தாள்: எத்தனை படம், எந்தத் தேதிக்குள்ள, யாருக்கும் வித்தா எவ்வளவு பங்கு. ரெண்டு பேர் கையெழுத்து. அப்புறம்தான் லென்ஸ் மூடியைத் திறப்பேன்.

நிலா_அடையாறு:
எதுலயும் கையெழுத்துப் போடல அண்ணா. இன்னிக்கு கடைக்கே போனேன். போட்டோகிராபர்கிட்ட 8,000 ரூபாய்க்குப் படத்தை வாங்கினாராம் ஓனர், "மாடல் சம்மதம் இருக்கு"ன்னு நம்பி. போஸ்டரை என் கண்ணு முன்னாடியே கழட்டிட்டார். விவரத்தை லெட்டர்ஹெட்ல எழுதித் தர்றேன்னிருக்கார். அதை வாங்கிட்டு நாளைக்கு வக்கீலைப் பார்க்கிறேன்.