புதுப்பிப்பு: பைசன் இலக்கணம் ஆன்ட்லர் 4-க்கு மாறிவிட்டது

ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஒன்றின் விலைச் சூத்திரங்களைப் படிக்கும் பழைய பைசன் இலக்கணத்தை ஆன்ட்லர் 4-க்கு எப்படி மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். இலக்கணம் என்பது சூத்திரம் எப்படி எழுதப்படும் என்று சொல்லும் விதிகள்; பைசனும் ஆன்ட்லரும் அந்த விதிகளிலிருந்து பார்சரை, அதாவது உரையைப் படித்துப் பகுக்கும் நிரலை, உருவாக்கும் கருவிகள். காட்பாடி நண்பர் ஒருவரும் கூட உட்கார்ந்தார். பார்சர் பகுதி முடிந்தது.

ரொம்பக் கவனிக்க வேண்டியது முன்னுரிமை, அதாவது எந்தக் கணக்கை முதலில் போடுவது என்பது. பைசனில் இதைச் சொல்லும் %லெஃப்ட், %ரைட் வரிகளில் கீழே இருப்பதற்கே வலு அதிகம். ஆன்ட்லர் 4-இல் தலைகீழ்: ஒரே விதிக்குள் முதலில் எழுதியதுதான் முந்தும். அதே வரிசையில் கூட்டலை மேலே வைத்தால் 2+3*4-க்கு 14-க்குப் பதில் 20 வரும், பிழைச் செய்தியே வராது. விலைக் கணக்கில் இது பெரிய ஆபத்து. அதனால் பெருக்கலை மேலே ஏற்றிவிட்டோம்.

ஒரு விதி தன்னையே முதலில் அழைப்பதை ஆன்ட்லர் 4 ஏற்கும். இரண்டு விதிகள் ஒன்றையொன்று முதலில் அழைத்தால் ஏற்காது. அப்படி இருந்தவற்றை ஒரே விதியாக்கினோம். விதிகளுக்குள்ளேயே கணக்குப் போட்ட $$ = $1 + $3 மாதிரியான வரிகள் எல்லாம் விசிட்டருக்கு (பார்சர் தரும் மரத்தைச் சுற்றிவந்து கணக்குப் போடும் தனி நிரல்) போய்விட்டன. இலக்கணக் கோப்பு இப்போது படிக்கவே அழகாக இருக்கிறது!

லெக்சரை, அதாவது உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதியை, உருவாக்கும் ஃபிளெக்ஸ் கருவியின் ஸ்டார்ட் கண்டிஷன்கள் (குறிப்பிட்ட நிலையில் மட்டும் சில விதிகளை இயக்குபவை) மட்டும் பாக்கி. அவற்றை ஆன்ட்லரில் மோடுகளாக எழுத வேண்டும். அதற்கு லெக்சர் இலக்கணம் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். அப்புறம் அதையும் எழுதுகிறேன்.