ஒத்திக்கு இருந்தவர் பாதியில் காலி செய்தால்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

எங்கள் மாடிவீட்டை ஒத்திக்கு விட்டிருந்தேன். தொகை 6 லட்சம், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடம்கூட முடியவில்லை, "அண்ணே, கோயம்புத்தூருக்கு மாற்றலாயிருச்சு, காலி பண்ணணும்" என்று வந்து நின்றார் குடியிருந்த தம்பி. மாத வாடகை என்றால் நோட்டீஸ், அட்வான்ஸில் கழிப்பது என்று ஒரு வழி இருக்கும். ஒத்தியில் மொத்தப் பணமும் நம்மிடம். அது பீரோவிலா இருக்கும்? வீட்டுக் கடனை அடைக்கத்தானே ஒத்திக்கே விட்டது. அவருக்கும் அது சும்மா கிடந்த காசு இல்லை. பாதி நகைக்கடன், வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில், அடுத்த ஆள் வந்தால்தான் பணம் என்பார்கள். அதைச் சொல்லியே மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1 லட்சத்தை உடனே கொடுத்தேன், அங்கே போய் அட்வான்ஸ் கட்ட வேண்டுமே. மீதி 5 லட்சம் அடுத்த ஆள் வந்ததும். வராவிட்டாலும் மூன்று மாதத்துக்குள். அதுவரை சாவி அவரிடமே இருக்கட்டும் என்றேன். புரோக்கர் கமிஷன் அவர் செலவு, வீடு பார்க்க வருபவர்களுக்கு உள்ளூரில் இருக்கும் அவர் மச்சான் கதவைத் திறந்துவிடுவார். எல்லாவற்றையும் தனியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

சாவி விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரே சண்டை. "காலி பண்ணினவங்ககிட்ட சாவி எதுக்கு?" என்றாள் மனைவி. பணம் வாங்காமல் யார் சாவியைக் கொடுப்பார்கள், நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன். புது ஆள் ஐந்தரை லட்சத்துக்குத்தான் வந்தார். தம்பிக்கு மீதியை வங்கி வழியாக அனுப்பிவிட்டு, மச்சானிடம் சாவியையும் பழைய ஒத்திப் பத்திரத்தையும் அன்றே வாங்கிக்கொண்டேன். அந்தப் பத்திரத்தைத் திரும்ப வாங்காமல் விட்டால் பின்னால் வம்பு.

சென்னையிலிருந்து:

என்னுடையது மாத வாடகை. 11 மாத அக்ரிமெண்ட், ஆறு மாத லாக்-இன் (அதற்குள் காலி செய்யக்கூடாது என்ற நிபந்தனை), குடியிருந்தவர் நான்காம் மாதமே காலி. லாக்-இன்னில் மிச்சமிருக்கும் வாடகையை அட்வான்ஸில் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தது. வக்கீலிடம் கேட்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்றார். அதற்குள் அடுத்த குடும்பமும் வந்துவிட்டது, அப்புறம் என்ன பெரிய நஷ்டம்? வீடு காலியாகக் கிடந்த நாட்களுக்கு மட்டும் பிடித்தேன். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவும் வேண்டும். பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம். நாலு மாதத்தில் சுவர் என்ன ஆகிவிடும்? அதை விட்டுவிட்டேன்.

திருச்சியிலிருந்து:

இபி பில்லை யாரும் சொல்லவில்லையே! கணக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் காலி செய்தால் அன்றைய ரீடிங்கை இருவருமாகப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும். 100 யூனிட் இலவசம் யாருக்கு என்று எங்கள் வீட்டில் இருந்தவர் பெரிய வாதமே நடத்தினார். சரி என்று 1,000 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்தேன். பில் வந்ததும் அவரவர் ஓட்டிய யூனிட்டுக்குத் தக்கபடி பிரித்து, மிச்சத்தை ஜிபேயில் போட்டுவிட்டேன்.