பழைய ஹோண்டா சிட்டி: ரூஃப் பீடிங் மாற்றணுமா, சிலிக்கான் போதுமா?

கிண்டி98:
வண்டி 1999 ஹோண்டா சிட்டி. கூரையின் இரண்டு ஓரப் பள்ளத்திலும் ஓடும் கறுப்புப் பட்டை (பீடிங்) சுருங்கி, முன்கண்ணாடிப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. கதவு பீடிங் நாலும் கல்லாகிவிட்டது. மழை பெய்தால் இடது முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் நனைகிறது. பள்ளத்தை சிலிக்கான் போட்டு அடைத்துவிட்டு, கதவுகளுக்கு மீட்டர் பீடிங் (மீட்டர் கணக்கில் வெட்டி விற்பது) போடலாம் என்று ஒரு யோசனை. சரியா?

மீட்டர்பீடிங்:
தாராளமாகச் செய்யுங்கள். இந்த வயசு வண்டிக்கு ஒரிஜினல் ரூஃப் பீடிங் தேடி அலைவது வீண். சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கிடைத்தாலும் வேறொரு வண்டியில் கழற்றியதுதான், அதுவும் இதே வெயிலில் காய்ந்தது. கதவுக்கு ஜி.பி. ரோட்டில் உள்ளே கம்பி வைத்த, பல்ப் (அமுங்கும் ரப்பர் குழல்) உள்ள பீடிங் கேளுங்கள். ஒரு கதவுக்கு மூன்றரை மீட்டர் போல ஆகும், 15 மீட்டர் வாங்கினால் நாலுக்கும் போதும். அழுத்தினாலே விளிம்பைக் கவ்விக்கொள்ளும், பசை வேண்டாம்.

துருவேட்டை:
கதவு விஷயத்தில் ஒத்துப்போகிறேன். கூரையில் சிலிக்கான் மட்டும் கூடவே கூடாது, அண்ணா. அந்தப் பள்ளத்தில்தான் கூரைத் தகடும் பக்கத் தகடும் புள்ளிபுள்ளியாக வெல்டு (ஸ்பாட் வெல்டு) ஆகியிருக்கின்றன. தண்ணீரைத் தடுப்பது பீடிங் இல்லை, அதற்கு அடியில் தகட்டு இணைப்பை அடைத்திருக்கும் சீலர் பசை. பீடிங் வெயிலிலிருந்து அந்த சீலரைக் காப்பாற்றும் மூடி, அவ்வளவுதான். பீடிங் சுருங்கியதும் அந்த இடத்தில் சீலர் வெடிக்கிறது, வேப்பிலைச் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அதன்மேல் சிலிக்கானை ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. புளிச்ச வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது வெறும் தகட்டை அரிக்கும்.

மீட்டர்பீடிங்:
அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கானும் கடையில் கிடைக்கிறதே. அதைப் போட்டால்?

துருவேட்டை:
அமிலப் பிரச்சினை தீரும். பெயின்ட் பிரச்சினை தீராது. சிலிக்கான் பட்ட தகட்டில் பிறகு பெயின்ட் ஒட்டாது, குழிகுழியாக விலகும். நாளைக்கு டிங்கரிங் செய்பவர் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போவார்.

செய்யவேண்டிய முறை இது. ஹேர் டிரையரால் சூடுகாட்டி, டேப் சுற்றிய மரப்பட்டையால் பின்பக்கத்திலிருந்து பீடிங்கை நெம்புங்கள். கிளிப் உடையும், அதனால் எண்ணிப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவும். பள்ளத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சீலர் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற வெடிப்பை மட்டும் சுரண்டி எடுத்தால் போதும், நல்லதைத் தொடவேண்டாம். துரு இருந்தால் கம்பி பிரஷ், துரு மாற்றி (துருவைக் கெட்டியான படலமாக்கும் திரவம்), எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு). அதற்குமேல் பாலியூரித்தேன் சீலர், 2 முதல் 3 மி.மீ. கனம். பள்ளத்தை நிரப்பிவிடாதீர்கள், பீடிங்குக்கு ஆழம் வேண்டும். இந்த சீலர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்ளே இறுகும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மி.மீ.தான், ஆகவே ஒரு முழு நாளாவது விடுங்கள். பிறகு பெயின்ட் டச்-அப், கடைசியில் பீடிங்.

கதவுக்காரர்:
இருவரும் கூரையையே பார்க்கிறீர்கள். கார்ப்பெட் நனைவது முன்சீட்டுக்குக் கீழே. முதலில் கதவின் உள்பேடை, அதாவது உள்பக்க மூடியை, கழற்றிப் பாருங்கள்.

கண்ணாடியின் வெளி பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளையை மண் அடைத்தாலோ, பேட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தாலோ தண்ணீர் உள்ளே வரும். ஸ்பீக்கர் மாற்றுகிறவர்கள் பலர் இந்த ஷீட்டைக் கிழித்தபடியே விட்டுவிடுகிறார்கள். கனமான பாலித்தீனும் பியூட்டைல் டேப்பும் (காயாத ஒட்டு ரப்பர் நாடா) இருந்தால் ஒரு மணி நேர வேலை.

கதவு பீடிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை.

மீட்டர்பீடிங்:
ஷீட் விஷயம் உண்மை, எனக்குத் தோன்றவில்லை. பழைய கதவு பீடிங்கை மண்ணெண்ணெய் தடவி மிருதுவாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றலாமே?

கதவுக்காரர்:
கூடாது. அது ஈ.பி.டி.எம். ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பிறகு தளர்ந்துபோகும். மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். கல்லாகிவிட்டதை அதுவும் மீட்காது.

மீட்டர் பீடிங் வாங்குமுன், அது கவ்வும் கதவு வாசல் தகட்டு விளிம்பின் கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். இரண்டு தகடு சேரும் இடமும் மூன்று சேரும் இடமும் ஒரே கனம் இருக்காது. கவ்வும் அளவு பொருந்தாவிட்டால் ஒரு பக்கம் கழன்று வரும். பொருத்தும்போது இழுக்கவே இழுக்காதீர்கள். இழுத்துப் போட்டது சில வாரத்தில் சுருங்கி மூலையில் விலகும். இணைப்பை வாசற்படிப் பக்கம், கீழே நடுவில் வையுங்கள். 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, தள்ளி நெருக்கி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. பல்பில் உள்ள சின்னக் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு மோதித் திரும்பும்.

மீட்டர்பீடிங்:
சரி, கூரைக்கு ஒரிஜினல் பீடிங் கிடைக்கவே இல்லையென்றால்?

துருவேட்டை:
பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, அதே வடிவ மீட்டர் பீடிங் போடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை, சீலர் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். ஆனால் மத்தியான வெயிலில் வெட்டாதீர்கள். ஒன்றரை மீட்டர் பி.வி.சி. பீடிங் 30 டிகிரி குளிர்ந்தால் 3 மி.மீ. போலக் குறையும், தகடு அரை மி.மீ.தான் குறையும். வெயிலில் சரியாக வெட்டியது விடியற்காலையில் இடைவெளி காட்டும். நிழலில், காலையில், 3 மி.மீ. கூட்டி வெட்டுங்கள்.

கிண்டி98:
அப்படியானால் முதலில் உள்பேட்டைக் கழற்றுகிறேன். பிறகு உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விடுவது, அதானே?

கதவுக்காரர்:
ஆமாம், அழுத்தம் குறைவாக. ஒவ்வொரு உயரத்திலும் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். கூரையைக் கடைசியில் நனையுங்கள். முதலிலேயே நனைத்தால் எல்லா இடமும் ஈரமாகி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.