வாசிகசாலை முன்றலில் நினைவுக்கல்: வைக்கலாமா?

பனங்கூடல்: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர். 2009 மாசியில் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன அண்ணை ஒருவர் போன மாதம் காலமானார். சிறுநீரகத்தில் கிருமி. அத்தனை வருடமும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். வாசிகசாலை முன்றலில் அவருக்கு ஒரு கல் வைக்க இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் காசு தருகிறார்களாம். என்ன சொல்கிறீர்கள்?

மாங்குளத்தான்: வேண்டாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண். இரவிலும்தான். கல் கேட்கிற பெடியள் ஒருநாளாவது போய்த் திருப்பினார்களா? காற்று மெத்தைக்கு அவருடைய அம்மா எத்தனை வாசல் ஏறினார்! அண்ணையைப் போலக் காயப்பட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தக் காசைக் கொடுங்கள்.

செவ்வந்தி: மெத்தை கொடுத்தால் கல் வைக்கக் கூடாதா? ஆனையிறவில் 1991 ஆடியில் புலிகளின் கவச புல்டோசரில் ஏறிக் குண்டு வெடிக்க வைத்துச் செத்த ஆமிக் கோப்ரல் காமினி குலரத்னவுக்கு ஏ9 வீதியோரம் நினைவிடம் இருக்கிறது, புல்டோசரும் பக்கத்திலேயே நிற்கிறது. கிளிநொச்சி நடுவில் ஆமியின் வெற்றிச் சின்னமாகச் செல் துளைத்த கொங்கிறீட் கட்டியும் மேலே தாமரையும். புலிகளின் மாவீரரைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லக் கல்லறைகளை இடித்துத் தள்ளினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதோடு இந்த அண்ணை இயக்கத்தில் இருந்தும் களத்தில் சாகவில்லை, ஆகவே மாவீரர் பட்டியலிலும் இல்லை. காயப்பட்ட ஆமிக்காரனுக்குக் கிடைக்கிற ஓய்வூதியமும் இல்லை. எந்தக் கணக்கிலும் வராத மனிதர் ஐயா அவர்.

மாங்குளத்தான்: தங்கச்சி, கோபம் சரி. கல் நட்டவன் கனடாவுக்கு விமானம் ஏறிவிடுவான். "யார் வைத்தது, யார் காசு" என்று விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பதில் சொல்லப்போவது எழுபது தாண்டிய அம்மா. 2021 வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியையே இரவோடு இரவாக உடைத்தார்கள். வாசிகசாலைக் கல் எம்மட்டு?

செவ்வந்தி: உடைப்பார்கள் என்று வைக்காமலே விட்டால் உடைக்கிற வேலையும் மிச்சம் அவர்களுக்கு.

வடலி: ஒரு விஷயம். அவர் ஏன் வேப்பமரத்தடியில் பாடம் எடுத்தார் என்று யாராவது யோசித்தீர்களா? வாசிகசாலைக்கு மூன்று படி. நாற்காலி ஏறாது. உள்ளே இருக்கும் புத்தகத்தை நாங்கள்தான் எடுத்துவந்து கொடுப்போம். முதலில் அந்தப் படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை கட்டுங்கள். பத்துச் சீமெந்துப் பை தேவையா என்றே சந்தேகம்.

மாங்குளத்தான்: இது பேச்சு.

செவ்வந்தி: கட்டுங்கள், ஆனால் பெயரோடு. பெயர் இல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது தொண்டு நிறுவனம் தன் பலகையைக் கொண்டுவந்து மாட்டிவிடும்.

பனங்கூடல்: நாங்கள் இங்கே அடிபடுவதை விட்டு, இன்று பின்னேரம் அம்மாவிடமே போனேன். முதலே போயிருக்க வேண்டும், பிழை என்னுடையதுதான். பாதைக்குச் சரி என்றார். பெயர் விஷயம் சொன்னேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எந்தப் பேரை எழுதப் போறியள் தம்பி, நான் வைச்சதையோ, அவங்கள் வைச்சதையோ?" என்று கேட்டார்.